மெய்யநாதன் காத்த பெட்டி

வெள்ளிக்கிழமை காலையில் மெய்யநாதன் பெட்டி துடைப்பார். அந்த வீட்டில் அவர் கையால் துடைக்கப்படும் பொருள் அது ஒன்றுதான். சாப்பிட்ட தட்டை எடுத்துக் குழாயடியில் போட்டறியாத மனிதர், அந்தக் கறுப்புப் பெட்டிக்கென்று படம் வரைகிறவர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகை ஒன்றை வாங்கி, யாரும் எடுத்துவிடக் கூடாதென்று தன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காற்றுப் போகும் துளைகளில் ஒவ்வொன்றாகத் தூரிகையை விட்டு எடுப்பார். போன சரஸ்வதி பூசைக்கு அவரே வைத்த சந்தனப் பொட்டுகளை மட்டும் தொடமாட்டார். பூசைக்கு வைத்த பொட்டு அடுத்த பூசை வரை இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அதே நேரத்தில் கண்ணம்மை முற்றத்தைச் சுற்றியிருந்த வளவை, தூணிலிருந்து தூணுக்கு, ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டு வருவாள். உள்ளறை வாசலுக்கு வந்ததும் சற்று நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு புருஷனைப் பார்ப்பாள். பெற்ற மகளை ஒரு நாள் குளிப்பாட்டியிருப்பாரா இந்த மனிதர் என்று யோசிப்பாள். பிறகு வாளியை நகர்த்திக்கொண்டு அடுத்த தூணுக்குப் போய்விடுவாள்.

பெட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு மெய்யநாதன் சொல்லுவார். தெரிந்தவர்களுக்கும் சொல்லுவார். வீட்டிலுள்ள போட்டோ, வீடியோ, பத்திர நகல் எல்லாம் அதற்குள் இருக்கும். டிவி, லேப்டாப், போன் எதிலிருந்து வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். எவனோ முகம் தெரியாத வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டரில் நம் வீட்டுப் படத்தைப் போட்டுவிட்டு அவனிடம் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. இவ்வளவும் சொல்லி முடித்தபிறகு, பாஸ்வேர்டு தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் சொல்லுவார். ஆகவே எவனோ ஒருவனிடம் கையேந்தாமல் வீட்டார் எல்லோரும் மெய்யநாதனிடம் கையேந்தினார்கள்.

அவர் வங்கியில் வேலை பார்த்தவர். கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அவரை ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்தப் பயிற்சியிலிருந்து அவர் இன்னும் திரும்பி வரவில்லை என்பது கண்ணம்மையின் அபிப்பிராயம். அங்கே கற்றுக்கொண்டு வந்த வித்தை ஒன்றே ஒன்று: அணைத்துவிட்டு மறுபடி போடுவது. மிக்ஸிக்கும் அதுதான், டிவிக்கும் அதுதான். பெண்டாட்டிக்குக் கோபம் வந்தாலும் அதுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொப்புடையம்மன் கோயில் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்பி வருவார். ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்கு வந்த பிறகு பேசுவதற்குக் கிளையும் இல்லை, கேட்பதற்குக் குமாஸ்தாக்களும் இல்லை. பங்காளிகளுக்குப் பொதுவான அந்தப் பெரிய வீட்டில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. கல்யாணம், பண்டிகைக்கு மட்டும் வந்து திறப்பார்கள். இவர்கள் பங்குக்கு ஓர் அறையும் அதற்குள் ஓர் உள்ளறையும் மாடியில் ஒரு ஹாலும் உண்டு. அதில் நிர்வாகம் பண்ணுவதற்கு அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. பெட்டி வந்தது.

வந்த பெட்டியை உள்ளறையில், இரும்புப் பெட்டகத்தின் மேல் வைத்தார். விலையுள்ள பொருள் உள்ளறையில்தான் இருக்க வேண்டும். சன்னல் கிடையாது, சுவர் ஒரு முழத்துக்கு மேல். காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவும் என்று பெட்டி வந்த அட்டையிலேயே படம் போட்டிருந்தது. அந்த அட்டையையும் அவர் பத்திரமாகப் பரணில் ஏற்றி வைத்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். உள்ளே போனால் அடுப்படியை விட அனலடிக்கும் என்று கண்ணம்மை ஒருமுறை சொன்னதற்கு, மெஷின் என்றால் சூடு இருக்கத்தான் செய்யும் என்றார்.

இவ்வளவும் கண்ணம்மைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, கிருத்திகா திரும்பி வரும் வரைக்கும்.

கிருத்திகா அவர்களுடைய ஒரே மகள். கோயம்புத்தூரில் புருஷனோடு குடித்தனம் இருந்தவள், தை மாதம் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினாள். ஆதித்தனோடு இனிமேல் முடியாது என்று ஒரு வாக்கியம் சொன்னாள். அதற்குமேல் கண்ணம்மையும் கேட்கவில்லை. பஞ்சாயத்துப் பேசியதில், பிரிவது என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒத்த மனசுதான். தகராறு சாமானில் வந்து நின்றது. கல்யாணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் முழுவதையும் வளவில் பரப்பி வைத்து இரண்டு வீட்டாருக்கும் காட்டுவது வழக்கம். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்குத் தூக்குகள், பாய், கூடை என்று கண்ணம்மை மகள் வயசுக்கு வந்த நாளிலிருந்து சேர்த்தது. சேலைக்கென்று கொடுத்ததை மிச்சம் பிடித்து வாங்கியதும் அதில் உண்டு. அன்றைக்கு அது முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் நிறைந்து கிடந்தது. இப்போது அவ்வளவும் கீழச்சிவல்பட்டியில், சம்மந்தி வீட்டு மாடியில் பூட்டிக் கிடக்கிறது.

கொடுத்ததை எல்லாம் எழுதி வைத்த சாமான் சிட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஆதித்தனின் தாயார் அதைக் கையில்கூட வாங்கவில்லை. எழுதுவதற்கு என்ன, தேர் கொடுத்தேன் என்றுகூட எழுதலாம் என்றிருக்கிறாள். "பரப்பி வச்சதை வீடியோ எடுத்தீகல்ல, அதைக் காட்டுங்க. அதுல கண்ணுக்குத் தெரியிறதை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க. தெரியாததை எங்கிட்டக் கேக்காதீக" என்பது அவள் கடைசிப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை இளையாத்தங்குடியில் பொதுவான உறவுக்காரர் வீட்டில் கூடுவதென்றும், அங்கே வீடியோவைப் போட்டுப் பார்த்து அன்றைக்கே முடித்துவிடுவதென்றும் ஏற்பாடு.

கிருத்திகா முதலில், அந்தப் பாத்திரம் ஒன்றும் எனக்கு வேண்டாம் என்றாள். கண்ணம்மை அவளை உட்கார வைத்துச் சொன்னாள்: "வேணாம்ங்கிறதை நீ சொல்லலாம்டி. குடுக்கலேன்னு அவ சொல்லக் கூடாது."

வீடியோ பெட்டியில்தான் இருந்தது. பெட்டியில் மட்டும்தான் இருந்தது. வீடியோ எடுத்தவர் கொடுத்த பென்டிரைவை, பெட்டியில் ஏற்றியாயிற்று என்று மெய்யநாதன் அழித்து, அதில் தேவாரம் பதிந்து காரில் போட்டுக் கேட்டார். எடுத்தவரோ கடையை மூடிவிட்டு மஸ்கட்டில் இருக்கிறார். பழைய கல்யாணம் எதையும் கையில் வைத்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் போனில் பிடித்த படங்களில் ஆட்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காலுக்குப் பின்னால் ஒரு குடத்தின் விளிம்பு தெரியும்.

வாரம் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வெள்ளிக்கிழமை பெட்டி துடைத்த கையோடு எடுத்துத் தருவதாக மெய்யநாதன் ஒத்துக்கொண்டார். துடைத்தார். கைகழுவினார். காபி குடித்தார். பிறகு வளவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் பெட்டி அகப்படவில்லை.

முதலில் இன்டர்நெட் கம்பெனிக்காரன் திட்டு வாங்கினான். பிறகு மின்சார வாரியம். பிறகு சுவர், இந்தக் காலத்துப் பொருளுக்கு அந்தக் காலத்துச் சுவர் ஒத்துவராது என்றார். பெட்டியை அந்தச் சுவருக்குள் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தது யார் என்று கண்ணம்மை கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை.

பெட்டி முகப்பில் என்னென்ன லைட் எரிகிறது என்று கிருத்திகா கேட்டாள். அவர் எழுந்து போய்ப் பார்க்காமலே, எல்லாம் பச்சை என்றார். பச்சை என்றால் சுகம், நீலம் என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறது, ஆரஞ்சு என்றால் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வியாக்கியானம். ஆரஞ்சு எப்போது எரிந்தது என்று மகள் கேட்டாள். அது பங்குனியிலிருந்து அவ்வப்போது உண்டு, நம் வீட்டில் உழைக்கிற பொருள் அது ஒன்றாவது இருக்கிறதே என்று சொல்லி அவரே சிரித்தார். துணியைப் பிழிந்துகொண்டிருந்த கண்ணம்மை அந்தச் சிரிப்பு முடியும் வரை காத்திருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கிருத்திகா சாவியை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போனாள். பெட்டி முகப்பில் மேலிருந்து கீழாக விளக்குகள். நெட்வொர்க் என்று போட்டிருந்த இடத்தில் விளக்கே எரியவில்லை. பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தால், கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்த லட்சணம் அது. அழுத்திச் செருகியதும் பச்சை மினுக்கியது.

"பாத்தியா, ஒன்னுமில்லேன்னேன்ல" என்றார் மெய்யநாதன் பின்னால் வந்து நின்று, ஏதோ தாமே செருகியது மாதிரி.

உள்ளே எடுத்து வந்த லேப்டாப்பில் பெட்டி அகப்பட்டது. கல்யாணம் என்ற பெயர் தெரிந்தது. திறந்தால் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் தடுப்பதற்குள் மெய்யநாதன் தம் வித்தையைக் காட்டிவிட்டார். பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டார். மறுபடி சக்கரம். மறுபடி அணைத்தார். மூன்றாவது தடவை உயிர் வந்தபோது உள்ளேயிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"அப்பச்சி, இனிமே அதைத் தொடாதீக" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிருத்திகா போனில் அந்தப் பெட்டியின் விளக்கக் குறிப்பைத் தேடி எடுத்தாள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து வந்தவள், முகப்பையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டுக்கு ஒரு விளக்கு, நெட்வொர்க்குக்கு ஒன்று, முதல் டிஸ்க்குக்கு ஒன்று, இரண்டாவது டிஸ்க்குக்கு ஒன்று, ஆக நாலு. இங்கே எரிவது மூன்று. இரண்டாவது டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சில் மினுக்கிக்கொண்டிருந்தது. முதல் டிஸ்க்கின் விளக்கு எங்கே?

கண்ணம்மை கிட்டே வந்து குனிந்தாள். முதலாவது என்று எண் போட்டிருந்த இடத்துக்கு நேரே, காலணா அகலத்துக்கு, கனமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அவள் கட்டைவிரல் நகத்தை விட்டு நெம்பினாள். பொட்டு அப்படியே பெயர்ந்து விழுந்தது. உள்ளே, ஆடாமல் அசையாமல், சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெட்டி டிக் டிக்கென்றது.

சிவப்பு நின்று எரிந்தால் டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம், கிருத்திகா போனைப் பார்த்துப் படித்தாள். செத்ததும் பெட்டி பீப் பீப்பென்று கத்துமாம். ஆளைக் கூப்பிடுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கண்ணம்மைக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது. தீபாவளிக்கு வந்த பங்காளி வீட்டார் பகலில் படுத்துத் தூங்க முடியவில்லை என்றார்கள். மெய்யநாதன் உள்ளே போய் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை மூடினார். மழைக் காலத்து ஈரத்துக்கு அப்படித்தான் கத்தும் என்று எல்லோருக்கும் விளக்கமும் சொன்னார். அன்றைக்கே செத்தது. அதிலிருந்து இத்தனை மாதமும் மற்ற டிஸ்க் ஒற்றை ஆளாக, அந்த அனலில், பாரம் சுமந்திருக்கிறது. இவர் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குத் தூசி தட்டியிருக்கிறார்.

"கண்ணு இருந்துச்சு, பொட்டு வச்சு மூடுனீக. வாய் இருந்துச்சு, அதையும் அமுக்குனீக" என்றாள் கண்ணம்மை. "இன்னும் அது எப்படித்தான் சொல்லும் உங்களுக்கு?"

மெய்யநாதன் பெயர்ந்து விழுந்த பொட்டைக் குனிந்து எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார். பூசைக்கு வைத்தது, காலில் மிதிபடக் கூடாது என்று முணுமுணுத்தார்.

கிருத்திகா அவசரப்பட்டாள். மிஞ்சியிருக்கும் டிஸ்க் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே வேண்டியதை வெளியே எடுத்துவிட வேண்டும். அவளிடம் வெளியில் செருகும் டிஸ்க் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவர மாடிக்கு ஓடினாள். போகும்போதே, சாமான் வீடியோவை மட்டும் முதலில் எடுப்போம், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கண்ணம்மை அதைக் கேட்டாள். மெய்யநாதனும் கேட்டார்.

திரும்பி வந்து டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினாள். அதற்குள் லேப்டாப்புக்கு முன்னால் மெய்யநாதன் உட்கார்ந்திருந்தார். மகள் எழுந்திருங்கள் என்றதற்கு, இது நான் ஏற்றி வைத்தது, எது எங்கே இருக்கிறதென்று எனக்குத்தான் தெரியும் என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. அந்த ஒன்றையாவது தம் கையால் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தது கண்ணம்மைக்கே தெரிந்தது. அதனால்தான் அவள், விடு, எடுக்கட்டும் என்று மகளைக் கையமர்த்தினாள். பிற்பாடு அன்று பூராவும் அந்தக் கையைத்தான் அவள் நொந்துகொண்டாள்.

சக்கரம் சுற்றி ஓய்ந்து கல்யாணம் திறந்தது. உள்ளே எல்லாம் முறைப்படி பெயர் போட்டு அடுக்கியிருந்தது. மாப்பிள்ளை அழைப்பு. தாலி கட்டும் திருப்பூட்டு. பெரியவர்கள் ஆசீர்வாதம். விருந்து. சாமான் பரப்பியது கடைசியில். மெய்யநாதன் ஒரு நிமிஷம் பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தொடங்கி அத்தனையையும் தேர்ந்தெடுத்துக் காப்பி போட்டார்.

கிருத்திகா, சாமான் மட்டும்தானே கேட்டேன் என்று கத்தாத குறையாகச் சொன்னாள்.

"கல்யாணத்துல பாதியில இருந்து எடுக்கக் கூடாதும்மா. திருப்பூட்டை விட்டுட்டுச் சட்டி பானையில தொடங்குறதா? வரிசையா வரட்டும். வந்துரும்" என்றார் அவர்.

நிறுத்திவிட்டுத் திரும்பப் போடலாமா என்று கிருத்திகா யோசித்தாள். நிறுத்தினால் மறுபடி திறக்குமோ திறக்காதோ. ஓடுகிறதை ஓடவிட்டாள். மூன்று பேரும் உள்ளறையில் வியர்த்து நின்றார்கள். கண்ணம்மை பனையோலை விசிறியை எடுத்துவந்து பெட்டிக்கு வீசினாள். வீட்டில் பெரியவர்கள் சாகக் கிடந்தபோதுதான் கடைசியாக அப்படி நின்று வீசியிருக்கிறாள். மாப்பிள்ளை அழைப்பு வந்து சேர்ந்தது. திருப்பூட்டு வந்தது. ஆசீர்வாதம் ஆமை வேகத்தில் வந்தது. யாரார் காலிலோ விழுந்து எழுந்த நேரமெல்லாம் ஒரு துளி விடாமல் வந்து சேர்ந்தது. விருந்து பாதியில் நின்றது. டிக் டிக் சத்தம் தேய்ந்து, பெருமூச்சு மாதிரி ஒரு சுழற்சி அடங்கியது. இரண்டாவது விளக்கு ஆரஞ்சிலிருந்து சிவப்புக்குப் போய், அங்கேயே நின்றது.

கிருத்திகா செய்து பார்க்கக்கூடியதெல்லாம் செய்து பார்த்தாள். சென்னையில் டிஸ்க்கைப் பிரித்து எடுத்துத் தருகிறவர்களிடம் போனில் பேசினாள். ஒரு மாதம் ஆகும், வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

வந்து சேர்ந்தது எப்படி இருக்கிறது என்று மெய்யநாதன் ஒன்றைத் திறந்தார். மேளச் சத்தம் வளவு முழுக்க எழுந்தது. ஆதித்தன் பட்டு வேட்டியில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கிருத்திகாவின் கழுத்தில் கட்டினான். படம் அவ்வளவு துல்லியம். ஓரத்தில் மெய்யநாதன், கேமராக்காரரை இங்குட்டு வா, அங்குட்டுப் போ என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். கிருத்திகா லேப்டாப்பை மூடினாள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் கண்ணம்மை ஒருத்தியாகச் சோற்றை வடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சம்மந்தியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, எங்கே வீடியோ என்று கேட்கப்போவதை நினைத்துக்கொண்டே வடித்தாள். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றால் அங்கே யார் நம்புவார்கள்? கண்ணம்மையே நம்பமாட்டாள். வேறு யாராவது வந்து இப்படி ஒரு கதை சொன்னால், கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொல்ல வந்த கூட்டம் என்றுதான் அவளும் நினைப்பாள். ஆனாலும் போகத்தான் வேண்டும். சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானாகச் சொல்லி, இது கொடுத்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சம்மந்தி இல்லை என்று சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் தன் வாயால், நாலு பேர் முன்னால், இல்லை என்று சொல்லட்டும்.

சாப்பிடக் கூப்பிட உள்ளறைக்குப் போனாள். மெய்யநாதன் கதவைத் திறந்து போட்டுவிட்டு இரும்புப் பெட்டகத்துக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சிவப்பு விளக்கும் அவர் கண்ணாடியில் தெரிந்தன. காபி டம்ளர் ஆடை கட்டிப்போய்த் தரையில் இருந்தது. சாவி இடுப்பில் இல்லை. பெட்டகத்தின் மேல் கிடந்தது. சோறு ஆறுகிறது என்றாள். அவர் தலையை ஆட்டினார், எழுந்திருக்கவில்லை.

எந்தப் பஞ்சாயத்துக்கும் முதல் ஆளாக வேட்டி மடித்துக் கிளம்புகிறவர் அவர். போகிற வழியெல்லாம் யார் என்ன பேச வேண்டும், யார் பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வருவார். போன தடவையும் கீழச்சிவல்பட்டியில் அவர்தான் பேசினார். வீடியோ என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் நெஞ்சைத் தட்டிச் சொன்னவரும் அவர்தான்.

கண்ணம்மை குனிந்து டம்ளரை எடுத்தாள்.

"கண்ணம்மை" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "ஞாயித்துக்கிழமை... நானும் வரட்டுமா?"

அவள் டம்ளரில் ஒட்டியிருந்த ஆடையை விரலால் வழித்தாள். உயரமான நிலைப்படி தடுக்காமல் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனாள்.